சிபில் கார்த்திகேசு அம்மையார்



நல்லவர் ஒருவர் மறைந்தார் என்று கேள்விப்பட்டால், "என்ன வயது இருக்கும்?" என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். எண்பது, தொண்ணூறு என்று பதில் வந்தால், "கலியாணச் சாவு" என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட அம்மையார் 48 வயதில் காலமானவர். அவர் மறைந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆயினும் பேராக் மாநிலத்தில் அவர் பெயர் இன்றும் வாழ்கிறது. ஈப்போவில் ஒரு சாலைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவர்தான் சிபில் கார்த்திகேசு அம்மையார்.

அம்மையார் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், சுமத்ரா தீவில் உள்ள மேடான் நகரில் பிறந்தார். தந்தையார் டேலி என்னும் குடும்பப் பெயர் கொண்ட யுரேசியர். தோட்டத் தொழிலில் இருந்தவர். தாயாரும் யுரேசியரே, அவர் ஒரு மருத்துவச்சி. தாயின் தொழில் மகளுக்கும் வாய்த்தது. சிபில் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார்.

அவரை மணக்க விரும்பியவர் ஒரு தமிழர். தைப்பிங்கில் 1892இல் பிறந்த ஆறுமுகம் கணபதிப் பிள்ளை என்னும் மருத்துவர். பெண் வீட்டார் கத்தோலிக்கர், மாப்பிள்ளையோ இந்து. ஆகவே பெண்ணைப் பெற்றவர்கள் முதலில் இசையவில்லை. பின்னர் அவர் கிறிஸ்துவ சமயத்தைத் தழுவி, ஏப்டன் கிளமெண்ட் கார்த்திகேசு ஆனார். 1919ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள், கோலாலம்பூர் புக்கிட் நானாஸில் உள்ள செயின்ட் ஜான் தேவாலயத்தில் திருமணம் நடந்தது.

அவ்வாண்டே ஆண் குழந்தை ஒன்று பிறந்தது. மைக்கேல் என்று பெயரிட்டார்கள். 19 மணி நேரமே அக்குழந்தை உயிருடன் இருந்தது. எத்தனையோ தாய்மாருக்குப் பிள்ளைப்பேறு பார்க்கும் கைக்குத் தன் தலைப்பிள்ளையைக் காக்க முடியாமற் போயிற்று. அந்தத் துயரத்தோடு அவர் முடங்கிவிடவில்லை. தம் தாயாரின் யோசனைப்படி வில்லியம் என்னும் ஆண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தார். 1921இல் ஓல்கா பிறந்தாள். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1936இல், கடைக்குட்டி டான் பிறந்தாள்.

1926இல் இத்தம்பதியர் ஈப்போவில், புருவ்ஸ்டர் சாலை 141ஆம் எண் வீட்டில் மருத்துவ நிலையம் திறந்தனர். அச்சாலைக்கு இன்றைய பெயர் ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா. ஈப்போவைச் சுற்றி எங்கும் ஈயலம்பங்களும் பால்மரத் தோட்டங்களும் இருந்த காலம் அது. சீன மக்கள் மிகுந்த ஊர். அம்மையார் கண்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். நோயாளியின் மொழியிலேயே "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கத் தெரிந்தவர் மேல் நோயாளிக்கு நம்பிக்கை பிறப்பது இயல்புதானே?

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அம்மாதம் முடிவதற்குள் ஈப்போவும் அதன் கையில் விழுந்தது. அதற்குச் சில நாட்கள் முன்னதாகவே கார்த்திகேசு குடும்பம் பூசிங்குக்கு அருகிலுள்ள பாப்பான் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பெரிய தெருவில் 74ஆம் எண் கடைவீடு அவர்களுக்கு இல்லமும் மருத்துவமனையும் ஆயிற்று.

"ஜப்பான்காரன் காலம்" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கே உணவு. கட்டத் துணி இல்லை. குளிர்காய்ச்சலுக்குக் கொயினா மருந்தும் அரிதாயிற்று. தோட்டங்களிலிருந்து ஆட்களை ஆயிரம் ஆயிரமாகச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் – பர்மா ரயில் பாதையில் மாண்ட தமிழர்களின் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றன. அத்தகைய காலத்தில்தான் பாப்பானில் ஒரு வீட்டுக் கதவு இரவிலும் திறந்தது.

பகலில் ஊர் மக்கள் வந்தார்கள். இரவில் காட்டிலிருந்து வேறு சிலர் வந்தார்கள். ஜப்பானியரை எதிர்த்து மறைந்திருந்து போரிட்ட மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் அவர்கள். குண்டடி பட்டவர்களுக்கும் காய்ச்சலில் நடுங்கியவர்களுக்கும் கணவனும் மனைவியும் மருத்துவம் பார்த்தார்கள், மருந்து கொடுத்தனுப்பினார்கள். அத்துடன், வீட்டில் ஒளித்து வைத்திருந்த வானொலிப் பெட்டியில் லண்டன் பி.பி.சி. செய்திகளைக் கேட்டு, போர் எப்படிப் போகிறது என்பதையும் தெரிவித்தார்கள். நேயர்களே, இந்தப் பேச்சை நாம் அச்சமின்றிக் கேட்கிறோம். அன்று வெளிநாட்டு வானொலியைக் கேட்பது உயிருக்கே ஆபத்தான குற்றம்.

1943இல் செய்தி வெளிப்பட்டுவிட்டது. முதலில் கணவர் பிடிபட்டார். பிறகு அம்மையாரையும் கொண்டுபோனார்கள். கெம்பெத்தாய் என்னும் ஜப்பானிய இராணுவப் போலீசார் செய்த கொடுமைகளை எல்லாம் இங்கே விரிப்பது நம் நோக்கமன்று. அடித்தார்கள், வாயில் நீரைப் புகட்டினார்கள், நகங்களைப் பிடுங்கினார்கள், முதுகெலும்பும் தாடையும் சிதைந்தன. காட்டிலிருந்து வந்தவர்கள் யார், உதவியவர்கள் யார் என்பதுதான் கேள்வி. அவர் ஒரு பெயரையும் சொல்லவில்லை.

முடிவில் கடைக்குட்டி டானைக் கொண்டுவந்தார்கள். அவளுக்கு அப்போது ஏழு வயதுதான். தாயின் கண்ணெதிரே குழந்தையை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டுவதாக மிரட்டினார்கள். அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை. கடவுள் கருணையால் குழந்தை உயிர் பிழைத்தது.

இதைக் கேட்கும் தாய்மார்களின் மனத்தில் ஒரு கேள்வி எழும். "பெற்ற பிள்ளையைவிடவா தொண்டு பெரிது?" நியாயமான கேள்வி. நாம் அதை ஒதுக்கிவிட முடியாது.

அவருக்குப் பாசம் இல்லாமலில்லை. ஒரு பிள்ளையைப் பிறந்த நாளிலேயே பறிகொடுத்தவர் அவர். அன்று அவர் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்தப் பெயருக்கு உரியவனும் ஒரு தாய்க்குப் பிள்ளை. அவன் வீட்டிலும் டானைப் போல் குழந்தைகள் இருந்திருப்பார்கள். ஒருவனைப் பிடித்தால் அவன் தெருவையே பிடித்துப் போன காலம் அது. தன் பிள்ளையைக் காக்க அத்தனை பிள்ளைகளையும் கொடுக்க அவர் துணியவில்லை. கொடுத்தாலும் தன் பிள்ளையை விடுவார்கள் என்பதற்கு உறுதியும் இல்லை. எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி, அந்த நெருப்பின் முன் நிற்காத நமக்கு இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். தன்னால் தாங்க முடியாததைத் தன் இறைவனிடம் ஒப்படைத்துவிட்டு, தன் கடமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். பக்தி என்பதற்கு இதைவிடத் தெளிவான பொருள் நமக்குத் தெரியவில்லை.

ஆயுள் தண்டனை பெற்று, பத்து காஜா சிறையில் இருந்தார். 1945இல் ஜப்பான் சரணடைந்த பிறகே விடுதலை. நடக்க முடியாத நிலையில் இருந்தவரைச் சிகிச்சைக்காக இங்கிலாந்துக்கு விமானத்தில் அனுப்பினார்கள். அங்கே நோயோடு போராடிக்கொண்டே தம் அனுபவங்களை எழுதிவைத்தார். அந்த ஆங்கில நூல் 1954இல், அவர் மறைவுக்குப் பின் வெளிவந்தது. வீரச் செயலுக்காக அளிக்கப்படும் ஜார்ஜ் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. அதன்பின் சில மாதங்களே வாழ்ந்தார். தாடையில் பட்ட பழைய காயத்தின் நஞ்சு இரத்தத்தில் கலந்து, 1948ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் உயிர் நீத்தார்.

ஸ்காட்லாந்தில் லானார்க் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். ஆனால் அடுத்த ஆண்டே அவர் உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது. திரளான மக்கள் ஊர்வலமாக வந்து, கான்வெண்ட் பள்ளிக்கு எதிரே செயின்ட் மைக்கேல் தேவாலயத்தை அடுத்த கல்லறையில் அவரை நல்லடக்கம் செய்தனர். தாம் மருத்துவம் பார்த்த அதே சாலையின் மண்ணுக்கே அவர் திரும்பி வந்தார்.

அவர் இறந்த நான்காம் நாள், ஜூன் 16ஆம் தேதி, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது. நம் மக்கள் முள்வேலிக்குள் வாழ்ந்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில், ஒரு காலத்தில் ஜப்பானியரை எதிர்த்த காட்டுப் படையினரில் பலர் அரசாங்கத்தின் எதிரிகளாக இருந்தனர். அவர்களுக்கு மருந்து கொடுத்த அம்மையாரைப் பற்றிப் பலரும் வெகுகாலம் உரக்கப் பேசாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பின்னாளில்தான் பாப்பான் 74ஆம் எண் வீடு அவர் நினைவைச் சொல்லும் காட்சிக்கூடம் ஆயிற்று. 2010இல் தொலைக்காட்சித் தொடர் ஒன்றும் வந்தது.

நேயர்களே, ஜார்ஜ் பதக்கமும் ஊர்வலமும் எல்லாருக்கும் வாய்ப்பவை அல்ல. ஆனால் அந்த வாழ்வின் அடித்தளம் நமக்குப் புதியது அன்று. லயத்தில் இரவு இரண்டு மணிக்குப் பிரசவ வலி எடுத்தால் அரிக்கன் விளக்கோடு ஓடிவந்த மருத்துவச்சிப் பாட்டியை நம் தோட்டங்கள் கண்டிருக்கின்றன. காலையில் பெரட்டுக்கு நிற்க வேண்டுமே என்று அந்தப் பாட்டி கணக்குப் பார்க்கவில்லை. அத்தகையோரின் பெயர்கள் எந்தச் சாலைப் பலகையிலும் இல்லை. நாமாவது எழுதிவைத்தால் உண்டு.

பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடியேறியவர்கள் பலர். லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் இருந்தவர் இருமினால் நமக்குக் கேட்டது. இன்று அடுத்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது நமக்குத் தெரிவதில்லை. ஆகவே, பெண் பிள்ளைகளுக்கு விருப்பமிருந்தால் தாதிமைப் படிப்பைக் கற்பியுங்கள். வீட்டுக்கு ஒருவராவது முதலுதவி தெரிந்துகொள்ளுங்கள். அண்டை வீட்டாரின் மொழியில் நாலு வார்த்தை பேசப் பழகுங்கள். மலாய்க்காரரானாலும் சீனரானாலும் வலி ஒன்றுதான். ஈப்போ பக்கம் போகும்போது, பிள்ளைகளை அந்தக் கல்லறைக்கு அழைத்துச் சென்று இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.

கதவு தட்டப்படும்போது திறப்பதுதான் தொண்டின் முதற்படி. அதை நாம் எல்லாரும் செய்யலாம்.