மேக்கன் நகரத்து டக்ளஸ் அரங்கம்



என் தாத்தா பறை அடித்தவர். திருவிழா நேரத்தில், இன்றைக்கு ராத்திரி வள்ளி திருமணம் நாடகம் என்று தெருத்தெருவாகப் போய் ஊருக்குச் சொன்னவர் அவர்தான். ஆனால் அந்த நாடகத்தை அவர் பார்த்தது வயல் வரப்பில் நின்றபடி. முருகன் வேடக்காரர் முகம் தெரியாது, பாட்டு மட்டும் காற்றில் வரும். "நல்லாத்தான்டா பாடுவான்" என்பார். அவ்வளவுதான் அவருடைய விமர்சனம்.

நாடகக் கொட்டகைகளில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டபோது, நேர்காணலில் ஒருவர் கேட்டார்: "டிக்கெட் வாங்கினவன் உட்காருகிறான், இதில் ஆய்வு செய்ய என்னம்மா இருக்கிறது?" அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதில்தான் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள மேக்கன் என்ற சின்ன நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். காகிதத்தில்தான், நேரில் இல்லை.

மேக்கன் பருத்தியால் வளர்ந்த ஊர். 1884லேயே அங்கே ஒரு பெரிய இசை நாடக அரங்கைக் கட்டிவிட்டார்கள். ஆனால் அன்றைய தென் மாநில அரங்குகளின் வழக்கம் என்ன? கருப்பின மக்களுக்குத் தனி வாசல், தனிப் படிக்கட்டு, உச்சியில் ஒரு மாடம். பல அரங்குகளில் அதுவும் கிடையாது. 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பிரித்து வைக்கலாம், சமமாக இருந்தால் போதும் என்றது. பிரித்து வைத்தார்கள். சமம் எங்கே இருந்தது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

இந்த ஊரில் 1870இல் பிறந்தவர் சார்லஸ் ஹென்றி டக்ளஸ். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவரின் மகன். சிறுவயதில் விறகும் காய்கறியும் விற்றார். பிறகு சைக்கிள் கடை வைத்தார், நிலமும் கட்டடமும் வாங்கினார். 1921இல், இன்றைக்கு மார்ட்டின் லூதர் கிங் பெயரைத் தாங்கியிருக்கும் சாலையில், தன் பெயரிலேயே அரங்கத்தைக் கட்டினார். மாடத்துக்கு ஏறத் தேவையில்லாத, தரைத்தளத்து முன்வரிசையே கருப்பினத்தவருடையதான அரங்கம். பக்கத்திலேயே விடுதியும் அவருடையது. மேடையில் பாட வரும் கலைஞருக்கு வெள்ளையர் விடுதியில் படுக்கை தர மாட்டார்கள் அல்லவா, அதற்காக. மா ரெய்னி பாடினார், பெஸ்ஸி ஸ்மித் பாடினார்.

இதைக் கேட்டதும் நமக்குக் கைதட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கலைஞர்களை ஊர் ஊராக அனுப்பியது டோபா என்ற கொட்டகை உரிமையாளர்கள் சங்கம். அதில் பெரும்பாலோர் வெள்ளை முதலாளிகள். குறைந்த கூலி, நீண்ட பயணம், அந்தச் செலவும் கலைஞர் தலையில். சங்கத்தின் பெயர்ச் சுருக்கத்தையே பிரித்து, கருப்பினக் கலைஞரை வாட்டி எடுக்கும் சங்கம் என்று அவர்களே கிண்டல் செய்தார்கள். டக்ளஸ் இந்த வலைக்குள் இருந்துதான் தொழில் நடத்தினார். அவர் முதலாளி, போராளி அல்ல. பிரிவினை இருந்ததால்தான் அவர் கொட்டகை நிறைந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் என் தாத்தாவை நினைத்துக்கொண்டு சொல்கிறேன்: கதவின் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

டக்ளஸ் 1940இல் இறந்தார். அரங்கம் நின்றது. 1950களின் கடைசியில் அங்கே பதின்வயதினருக்கான பாட்டுப் போட்டி நடந்தது. பரிசு ஐந்து டாலர். ஓட்டிஸ் ரெட்டிங் என்ற பையன் தொடர்ந்து 15 வாரம் ஜெயித்தான் என்பார்கள். அவர் 1967 டிசம்பரில் விமான விபத்தில் இறந்தபோது வயது 26. இறுதிச் சடங்கு மேக்கன் மாநகர அரங்கில். 3,000 பேர் அமரும் இடத்துக்கு 4,500க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள்.

அதற்கு மூன்றாண்டு முன்புதான், 1964இல், குடியுரிமைச் சட்டம் வந்திருந்தது. எல்லாத் திரையரங்கின் எல்லா இருக்கையும் சட்டப்படி திறந்தன. டக்ளஸ் அரங்கம் 1973இல் மூடப்பட்டது. தெற்கில் பல ஊர்களில் கருப்பின வணிகத் தெருக்கள் இப்படித்தான் காலியாயின. சமத்துவம் வந்தபோது நம்மவர் அங்கே போனார்கள், அங்கிருந்து யாரும் இங்கே வரவில்லை. இதைச் சொன்னால், அப்படியானால் பிரிவினையே நல்லதா என்று சிலர் மடக்குவார்கள். இல்லை. பாதி வழியில் நின்றுபோன சமத்துவத்தின் கணக்கு அது. அரங்கம் பின்னர் புதுப்பிக்கப்பட்டு 1997இல் மீண்டும் திறந்தது.

எனக்குப் பொறாமை வேறொன்றில். டக்ளஸின் தொழில் ஆவணங்கள், கடிதங்கள் எல்லாம் மேக்கன் நூலகக் காப்பகத்தில் இருக்கின்றன. யாருக்கு என்ன கூலி, யார் வராமல் ஏமாற்றினார், எல்லாம் எழுத்தில். 1873இல் ஜோதிராவ் புலே 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அம்பேத்கர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இந்த உறவு பழையது. ஆனால் நம் ஊர்க் கொட்டகையில் சேரிக்காரர் எங்கே உட்கார்ந்தார் என்று எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்றுகூட இதுவரை என் கைக்குக் கிடைக்கவில்லை.

இங்கே எழுபது வயது தாண்டியவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள், அய்யா. ஒலிப்பதிவுக் கருவி கொண்டுவந்திருக்கிறேன்.