தலையங்கம் யாரிடம் பேசுகிறது?



பத்திரிகைக் கருத்துப் பத்திகளை ஆராய நாம் கூடியிருக்கும் இந்த ஹைதராபாத், எழுதியதற்காக ஓர் ஆசிரியரைக் கொன்ற ஊர். 1948 ஆகஸ்டில் ‘இம்ரோஸ்’ என்ற உருது நாளிதழின் ஆசிரியர் ஷோயபுல்லா கான், இரவில் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் வெட்டிச் சாய்க்கப்பட்டார். எழுதிய கையையும் துண்டித்தார்கள். நிஜாம் ஆட்சிப்பகுதி இந்தியாவோடு இணைய வேண்டும் என்று எழுதியதுதான் குற்றம். ஒரு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 17-இல் நிஜாம் இந்தியாவிடம் பணிந்துவிட்டார்.

அந்தக் கருத்து அன்று புதிதல்ல. சென்னை, பம்பாய் ஏடுகளும் அதையே எழுதின. அதையெல்லாம் அந்நியன் பேச்சு என்று தள்ளிவிடலாம். ஒரு முஸ்லிம், ஆட்சிமொழியான உருதுவில், இதே நகரத்து வாசகரைப் பார்த்துச் சொன்னதை அப்படித் தள்ள முடியவில்லை. கத்தி தேடி வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

யார், யாரைப் பார்த்துச் சொன்னார் என்ற இந்த வேறுபாடு நம் ஆய்வுகளில் அடிக்கடி காணாமல் போகிறது. பிரிட்டிஷ் காலத்துச் சென்னை அரசு, சுதேச மொழிப் பத்திரிகைகளை ஆங்கிலத்தில் சுருக்கி அறிக்கையாகத் தொகுத்து வைத்தது. பழைய இதழ் கிடைக்காவிட்டால் நாம் ஓடுவது அங்கேதான். நையாண்டி, குத்தல், வாசகனைக் கூப்பிடும் தொனி எல்லாம் உதிர்ந்து, எழுதியவர் சர்க்காருக்கு ஆதரவா எதிர்ப்பா என்பதே அதில் பெரும்பாலும் மிஞ்சும். இன்று நாமும் ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று கட்டம் போட்டுப் பத்திகளை எண்ணுகிறோம். அந்த அறிக்கையைச் சுருக்கி எழுதிய குமாஸ்தாவுக்காவது அது உத்தியோகம்!

அண்ணாவின் ‘தம்பிக்கு’ கடிதங்களை, கலைஞர் ‘முரசொலி’யில் உடன்பிறப்புகளுக்கு எழுதியவற்றை இந்தக் கட்டத்துக்குள் அடைத்தால் என்ன கிடைக்கும்? எதிர்க்கட்சிக்காரரை மனம் மாற்றுவது அவற்றின் முதல் வேலை அல்ல. மறுநாள் டீக்கடையில் கட்சிக்காரர் பேசுவதற்கு வாதத்தையும் சொற்களையும் சேர்த்துக் கொடுப்பதே வேலை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஓர் இயக்கம் அப்படித்தான் பேசக் கற்றது.

வாதாடுவதற்கு இந்த ஊரிலேயே இன்னொரு வழியும் உண்டு. 1926-இல் ‘கோல்கொண்டா பத்ரிகா’வைத் தொடங்கிய சுரவரம் பிரதாப ரெட்டி, தெலங்கானாவில் கவிஞர்களே இல்லை என்ற ஏளனத்துக்கு வசைபாடிப் பதில் சொல்லவில்லை. 354 கவிஞர்களைத் திரட்டித் தனித் தொகுப்பாகவே போட்டுவிட்டார். பட்டியலும் வாதம் ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இத்தகைய குரல்கள் ஆதரவு, எதிர்ப்பு என்ற கட்டத்தில் அடங்காது. ஆகவே இந்தக் கருத்தரங்கின் அமைப்பாளர்களிடம் ஒரு மாற்றம் கேட்டிருக்கிறேன். கட்டுரை வாசிப்பவர்கள் முடிவுகளுக்குப் போகும் முன், தாம் ஆராய்ந்த பத்தியிலிருந்து நாலு வரியை மூலமொழியில் உரக்கப் படிக்க வேண்டும். உருதோ தெலுங்கோ புரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்ளலாம். இந்த ஊரில் அதற்கு ஆள் பஞ்சமில்லை.