படிப்பை நிறுத்தாத வக்கீல்கள் வேண்டும்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட மாலை வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)

தோழர்களே!

இன்றைய வகுப்புக்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம் சர்வதேச வக்கீல்களின் தொடர்படிப்பு. தலைப்பைக் கேட்டதுமே உங்களுக்கு ஒரு கேள்வி எழும். "உள்ளூர் வக்கீலுக்குப் பீஸ் கொடுக்கவே நம்மிடம் பணமில்லை. எங்கோ இருக்கிற வக்கீல் படித்தால் நமக்கென்ன, படிக்காவிட்டால் நமக்கென்ன?" கேள்வி நியாயமானது. பதிலும் நியாயமாக இருக்க வேண்டும். அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

முதலில், யார் இந்த சர்வதேச வக்கீல்கள்?

நம் ஊர் வக்கீல் முன்சீப் கோர்ட்டில் வாதாடுகிறார். தொழிலாளர் கோர்ட்டில் வாதாடுகிறார். நாட்டுக்கும் நாட்டுக்கும் வழக்கு வந்தால் எங்கே போவது? ஹாலந்து தேசத்தில் ஹேக் என்று ஒரு நகரம். அங்கே ஐக்கிய நாடுகள் சபையின் சர்வதேச நீதிமன்றம் இருக்கிறது. 15 நீதிபதிகள். எல்லைத் தகராறு, கடல் தகராறு, ஒப்பந்தத் தகராறு அங்கே போகும். அதே ஊரில் 2002-ம் ஆண்டு முதல் இன்னொரு மன்றம் இருக்கிறது: சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம். படுகொலை செய்தவன், செய்யச் சொன்னவன் என்று ஆட்களையே கூண்டில் ஏற்றுவது அது. ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் இருக்கிறது. வேலை நேரம், சங்கம் அமைக்கும் உரிமை எல்லாவற்றுக்கும் அங்கே ஒப்பந்தங்கள் உண்டு. இந்த இடங்களில் ஆலோசனை சொல்கிறவர்கள், வாதாடுகிறவர்கள், அத்தாட்சி திரட்டுகிறவர்கள்தான் சர்வதேச வக்கீல்கள்.

சரி. பட்டம் வாங்கிய வக்கீல் மறுபடி எதற்குப் படிக்க வேண்டும்?

ஆலைத் தோழர்களுக்கு இது விளங்கும். பழைய தறியில் இருபது வருஷம் கை பழகியவர், புதுத் தறி வந்த அன்று மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கற்காதவருக்கு நூல் அறுந்தது, கூலியும் அறுந்தது. சட்டமும் அப்படித்தான். இயந்திரம் மாறிவிட்டது கண்ணுக்குத் தெரியும். சட்டம் மாறியது தெரியாது. கட்டடமும் பலகையும் அப்படியே இருக்கும். உள்ளே வேலை நின்றிருக்கும்.

உதாரணம் ஒன்று. 1995-ல் உலக வர்த்தக ஸ்தாபனம் ஏற்பட்டது. அதில் அப்பீல் கேட்க ஒரு மன்றம் வைத்தார்கள். ஒரு வழக்கைக் கேட்க 3 பேர் வேண்டும். புது உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்க சர்க்கார் சம்மதம் தர மறுத்துக்கொண்டே வந்தது. 2019 டிசம்பரில் ஒரே ஒருவர் மிஞ்சினார். அப்பீல் மன்றம் செத்தது. அதன் பிறகு என்ன ஆயிற்று? 2021 டிசம்பரில் கரும்பு, சர்க்கரைக்குத் தரும் உதவி பற்றிய வழக்கில் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. வழக்குப் போட்டவை பிரேசில், ஆஸ்திரேலியா, குவாதமாலா. இந்திய சர்க்கார் அப்பீல் செய்தது. கேட்பதற்கு மன்றம் இல்லை. வழக்கு அந்தரத்தில் நின்றது. கரும்பு வெட்டும் தோழர்களே, உங்கள் வயலைப் பற்றிய வழக்குதான் அது! 2010-ல் படித்த பாடத்தோடு நின்றுவிட்ட வக்கீலுக்கு இந்தச் சூழ்ச்சியும் தெரியாது. அதற்கு எதிர்ச் சூழ்ச்சியும் தெரியாது.

இன்னொரு உதாரணம். பிலிப்பைன்ஸ் தேசம் 2011-ல் குற்றவியல் நீதிமன்றத்தில் சேர்ந்தது. டுடர்ட்டே என்பவர் ஜனாதிபதியாக இருந்தபோது, போதைப் பொருள் ஒழிப்பு என்ற பெயரில் ஏழைக் குடிசைகளில் ஆயிரக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நீதிமன்றம் விசாரிக்கத் தொடங்கியதும், "நாங்கள் விலகுகிறோம்" என்றார் அவர். 2019 மார்ச்சில் விலகல் அமலுக்கு வந்தது. கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். முடியவில்லை. அங்கத்தினராக இருந்த காலத்தில் நடந்த குற்றத்துக்கு, விலகிய பிறகும் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. 2025 மார்ச் 11-ம் தேதி மணிலாவில் அவரைப் பிடித்து ஹேக் நகரத்துக்கு அனுப்பினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு அந்த விதியைத் தேடி எடுத்துக் கொடுத்தது, படிப்பை நிறுத்தாத வக்கீல்களின் உழைப்பு.

அதே பிலிப்பைன்ஸில் இன்னொரு விஷயமும் உண்டு. 2000-ம் ஆண்டில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் ஒரு கட்டளை போட்டது: ஒவ்வொரு வக்கீலும் 3 வருஷத்துக்கு 36 மணி நேரம் மறுபடி படித்தாக வேண்டும். நல்ல கட்டளை. அந்த 36 மணியில் சர்வதேசச் சட்டத்துக்கு எத்தனை மணி ஒதுக்கினார்கள்? 2 மணி! அமெரிக்காவிலும் இந்த ஏற்பாடு உண்டு. மின்னசோட்டா மாகாணம் 1975-ல் முதலில் கட்டாயமாக்கியவற்றில் ஒன்று. நியூயார்க்கில் அனுபவமுள்ள வக்கீலுக்கு 2 வருஷத்துக்கு 24 மணி. ஆனால் மணிக் கணக்கு வேறு, படிப்பு வேறு. ஆஜர் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு இயந்திரத்தருகே தூங்குகிறவனை மேஸ்திரிக்குத் தெரியும். வகுப்பில் தூங்கிச் சான்றிதழ் வாங்குகிற வக்கீலை யாருக்குத் தெரியும்? வழக்கில் தோற்ற கட்சிக்காரனுக்குத்தான் தெரியும்.

தோழர்களே! இதுவரை சொன்னது சாதாரண காலத்துக்கு உரியது. இப்போது நடப்பது சாதாரண காலமல்ல.

கீழத்தஞ்சைப் பக்கத்துத் தோழர்கள் பண்ணையாரின் மரக்காலை மறந்திருக்க மாட்டார்கள். நெல் அளந்து வாங்க ஒரு மரக்கால். கூலி அளந்து கொடுக்க வேறொரு மரக்கால். உலகத்திலும் அந்த இரட்டை மரக்கால் இருக்கிறது. 2023 மார்ச்சில், உக்ரேன் குழந்தைகளைக் கொண்டுபோன குற்றச்சாட்டில் ரஷ்ய ஜனாதிபதி புடின் மீது குற்றவியல் நீதிமன்றம் வாரண்டு போட்டது. வாஷிங்டன் "நியாயம்" என்றது. ரஷ்ய சர்க்காரோ வழக்குத் தொடுநரையும் நீதிபதிகளையும் தேடப்படுவோர் பட்டியலில் சேர்த்தது. 2024 நவம்பரில் காஸா யுத்தத்துக்காக இஸ்ரேல் பிரதமர் நேதன்யாஹு மீது அதே நீதிமன்றம் வாரண்டு போட்டது. இப்போது வாஷிங்டன் மரக்காலை மாற்றியது. 2025 பிப்ரவரி 6-ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் தடை உத்தரவில் கையெழுத்திட்டார். முதலில் தலைமை வழக்குத் தொடுநர். ஜூனில் உகாண்டா, பெரு, பெனின், ஸ்லோவேனியா நாட்டு நீதிபதிகள் 4 பேர். ஆகஸ்டில் மேலும் 2 நீதிபதிகள், 2 துணை வழக்குத் தொடுநர்கள். அமெரிக்காவில் அவர்களுக்குச் சொத்து இருந்தால் முடக்கம். பாங்கிக் கணக்கு, பண அட்டை எல்லாவற்றுக்கும் தொல்லை.

யார் மரக்காலை மாற்றினாலும் அளவு அளவுதான். மாஸ்கோ மிரட்டினாலும் தவறு. வாஷிங்டன் மிரட்டினாலும் தவறு.

இதில் வக்கீல்களுக்கு என்ன வந்தது? தடைப் பட்டியலில் உள்ளவருக்கு அமெரிக்கப் பிரஜை ஒருவர் ஊழியம் செய்தால் அபராதம், சிறை. அப்படியானால் அத்தாட்சி அனுப்பலாமா? ஆலோசனை சொல்லலாமா? நேற்று வரை கடமையாக இருந்த வேலை இன்று குற்றமா? இது எந்தப் பழைய பாடப் புத்தகத்திலும் இல்லை. மனித உரிமைத் துறையைச் சேர்ந்த இருவர் துணிந்து கோர்ட்டுக்குப் போனார்கள். மெய்ன் மாகாணத்தின் பெடரல் நீதிமன்றம், பேச்சுரிமையைக் காட்டி, 2025 ஜூலையில் அந்த உத்தரவை அவர்கள் மீது பிரயோகிக்கக் கூடாதென்று தடுத்தது.

அதே 2025 மார்ச் முதல் அமெரிக்காவின் பெரிய வக்கீல் கம்பெனிகள் மீதும் உத்தரவுகள் பாய்ந்தன. ஜனாதிபதிக்குப் பிடிக்காதவர்களுக்காக வாதாடியதும், அப்படிப்பட்டவர்களை வேலைக்கு வைத்ததும் அவர்கள் செய்த குற்றம்! ஒரு கம்பெனி 4 கோடி டாலர் மதிப்புள்ள இலவச வேலை செய்து தருகிறோம் என்று சமாதானம் செய்துகொண்டது. மேலும் பல கம்பெனிகள் அதே வழியில் போயின. நான்கு கம்பெனிகள் மட்டும் கோர்ட்டுக்குப் போயின. 2025 மே, ஜூன் மாதங்களில் நான்கு வழக்கிலும் மாவட்ட நீதிபதிகள் அந்த உத்தரவுகளை அடித்துப் போட்டார்கள். சர்க்கார் அப்பீல் செய்தது. ஆனாலும் பாடம் தெளிவாக இருக்கிறது. பணமும் படிப்பும் குவிந்த இடத்திலேயே சிலர் பணிந்தார்கள், சிலர் நின்றார்கள். பூட்டிய ஆலை வாசலில் நாம் பார்த்த காட்சிதானே இது!

ஆகவே இந்தக் காலத்துத் தொடர்படிப்பில் மூன்று பாடங்கள் இருக்க வேண்டும் என்கிறோம்.

ஒன்று, மாறுகிற விதிகள். எந்த நாடு சேர்ந்தது, எது விலகியது, எந்த மன்றம் உயிரோடிருக்கிறது என்பது கைவிரலில் இருக்க வேண்டும்.

இரண்டு, அத்தாட்சி. இன்று குண்டு விழுந்த தெருவிலிருந்து கைபேசிப் படம் வருகிறது. அது உண்மைப் படமா, என்று எடுத்தது, எங்கே எடுத்தது என்று சோதித்துப் பத்திரப்படுத்தத் தெரிய வேண்டும். இதற்கான வழிமுறையை ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையும் சேர்ந்து 2020-ல் வெளியிட்டன.

மூன்று, தன்மானம். 1990-ல் கியூபாவின் ஹவானா நகரில் கூடிய ஐ.நா. மாநாடு வக்கீல்களின் கடமை பற்றி விதிகள் வகுத்தது. கட்சிக்காரனோடும் அவனுடைய காரியத்தோடும் வக்கீலை ஒன்றாக வைத்துப் பார்க்கக் கூடாது என்கிறது 18-வது விதி. வக்கீல்கள் சங்கம் அமைக்கலாம், அந்தச் சங்கம் அவர்களுடைய தொடர்படிப்பை வளர்க்கலாம் என்கிறது 24-வது விதி. சங்கத்தையும் படிப்பையும் ஒரே விதியில் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். சங்கம் இல்லாத இடத்தில் தைரியம் தனியாளின் பாடு என்று நமக்குத் தெரியாதா?

அடுத்த கேள்வி: இந்தப் படிப்பு யாருக்குக் கிடைக்கிறது?

ஹேக் நகரில் 1923 முதல் சர்வதேசச் சட்டக் கழகம் இருக்கிறது. கோடைகாலத்தில் வகுப்பு. போய் வர, தங்க, கட்டணம் கட்ட ஏழை நாட்டு இளம் வக்கீலுக்கு முடியுமா? உதவித் தொகை சிலருக்கே. 1955-ல் பாண்டுங் மாநாட்டில் ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் கூடின. அதன் விளைவாக 1956-ல் அந்நாடுகளின் சட்ட ஆலோசனை அமைப்பு பிறந்தது. அதன் தலைமையகம் புதுடில்லியில் இருக்கிறது. 1965-ல் ஐ.நா. பொதுச்சபை சர்வதேசச் சட்டம் கற்பிக்க ஓர் உதவித் திட்டம் தொடங்கியது. அத்திட்டத்தில் 2008-ல் ஒளி-ஒலி நூலகம் அமைந்தது. பெரிய பெரிய அறிஞர்களின் சொற்பொழிவுகளைக் கட்டணமின்றி இணையத்தில் கேட்கலாம். அரிசி ரேஷன் கடையில் கிடைப்பதுபோல் அறிவும் கிடைக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு தொடக்கம்.

ஏழை நாடு படித்தால் என்ன செய்ய முடியும்? பசிபிக் கடலில் வனுவாட்டு என்று ஒரு குட்டித் தீவு நாடு. 2019-ல் அங்கே சட்டம் படித்த 27 மாணவர்கள் வகுப்பில் ஒரு யோசனை எடுத்தார்கள். புகையைக் கக்கியவர்கள் பணக்கார நாடுகள். கடலில் மூழ்குவது நாம். இதைச் சர்வதேச நீதிமன்றத்தில் கேட்டால் என்ன? வனுவாட்டு சர்க்கார் கேள்வியைக் கையில் எடுத்தது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. 2025 ஜூலை 23-ம் தேதி 15 நீதிபதிகளும் ஒருமனதாகக் கருத்துச் சொன்னார்கள்: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, தவறினால் நஷ்டஈடு வரை போகலாம். வகுப்பறையில் பிறந்த ஒரு கேள்வி உலகத்தின் பெரிய கோர்ட் வரை நடந்தது!

கடைசியாக, நம் கழுத்துக்கே வந்த வழக்கு ஒன்றைச் சொல்கிறோம்.

1948-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 87-வது ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. சங்கம் அமைக்கும் சுதந்திரம் பற்றியது அது. அதில் வேலைநிறுத்தம் என்ற சொல் இல்லை. சங்க உரிமைக்குள் வேலைநிறுத்த உரிமையும் அடக்கம் என்றே ஸ்தாபனத்தின் குழுக்கள் 1952 முதல் சொல்லி வந்தன. 2012-ல் முதலாளிகள் தரப்பு எழுந்து, "சொல் இல்லை, ஆகவே உரிமை இல்லை" என்று பெரும் தகராறு செய்தது. 2023 நவம்பரில் ஸ்தாபனத்தின் ஆட்சிக்குழு இந்தக் கேள்வியை ஹேக் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2025 அக்டோபரில் வாதங்கள் நடந்தன.

ஒரு பத்திரத்தில் கிணற்றை உனக்கு எழுதிக் கொடுத்தான். கிணற்றுக்குப் போகும் பாதையை எழுதவில்லை. பாதை இல்லாமல் கிணறு எதற்கு? ஒப்பந்தத்தின் சொல்லை மட்டும் பார்க்காதே, அதன் நோக்கத்தையும், பிறகு நடந்துவந்த வழக்கத்தையும் சேர்த்துப் பார் என்று 1969-ம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் சொல்கிறது. இந்த வாதத்தை எடுத்து வைக்க, எழுபது வருஷத்துக் குழு முடிவுகளை வரி வரியாகப் படித்த வக்கீல் வேண்டும். முதலாளிகளிடம் அப்படிப்பட்ட வக்கீல்கள் எப்போதும் உண்டு. நம் பக்கம்?

இந்திய சர்க்கார் 87-வது ஒப்பந்தத்தை ஏற்காமலே காலம் தள்ளியது. 2025 நவம்பர் 21-ம் தேதி அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்போ, வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது. ஹேக் நகரத்துக் கேள்விக்கும் உங்கள் ஆலை வாசலுக்கும் இடையே உள்ள தூரம் இவ்வளவுதான்.

ஆகவே, தோழர்களே, சங்கத்து வக்கீலிடம் நாம் கேட்போம்: இந்த வருஷம் புதிதாக என்ன படித்தீர்கள்? எங்களுக்கும் அதைத் தமிழில் சொல்லுங்கள். சங்க நிதியில் சட்டப் புத்தகத்துக்கு ஒரு பங்கு ஒதுக்குவோம். நம் பிள்ளைகளில் சட்டம் படிக்கிறவர்களுக்கு அந்த இலவச நூலகத்தின் வாசலைக் காட்டுவோம். வலுத்தவன் விதியை மாற்றுகிற காலத்தில், மாற்றியது எங்கே, எப்படி என்று கண்டுபிடித்துச் சொல்கிறவன் நமக்கு வேண்டும். அவன் படிக்கட்டும்; நாமும் கூட உட்கார்ந்து படிப்போம்!