சந்தைக் கீரையும் சாயத்தண்ணியும்



நுவரெலியாவில் விளையும் கரட், லீக்ஸ், கோவா லொறியேறிக் கொழும்புக்குப் போகின்றன. நம் பிள்ளைகளோ ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போகிறார்கள்.

சந்தையில் அந்தந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்குவோம். ஒரு கட்டு முளைக்கீரை, ஒரு பிடி பருப்பு, வெங்காயம், பச்சை மிளகாய் போதும். பருப்பு வெந்ததும் கீரையைப் போட்டு, வதங்கியதும் இறக்கி, தேசிக்காய் பிழிவோம். தேசிக்காயின் விட்டமின் சி, கீரையின் இரும்புச் சத்தை உடம்பில் சேர்க்கும். சாப்பாட்டோடு குடிக்கும் சாயத்தண்ணி அதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்போம்.

இரத்தச் சோகையைச் சமையலால் மட்டும் விரட்ட முடியாது. மரக்கறி வாங்கச் சம்பளமும், ஆறுதலாக உண்ண நேரமும் வேண்டும். அந்தக் கோரிக்கையை நாம் கைவிட மாட்டோம்.