வேற்று முகம் பூண்ட நகைப்பு

ஓர் இனத்தை இழிவுபடுத்த நினைப்பவன் முதலில் அதன் பேச்சையே பழித்துக் காட்டுவான். பத்தொன்பதாம் நூற்றாண்டில், அமெரிக்க நாடக மேடையிலே வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, அடிமைகள் எந்நேரமும் ஆடிப்பாடி மகிழ்ந்திருந்தவர்களைப் போல நடித்துக் காட்டினர். அடிமை முறை 1865இல் ஒழிந்தது, கரிமுகம் ஒழியவில்லை. 1939இல் வெளிவந்த ‘கான் வித் த விண்ட்’ படத்திலும் எசமானின் வீட்டைவிட்டு அகல மனமில்லாத அடிமைகளைக் காணலாம்.

1974இல் மெல் புரூக்ஸ் என்பார் ‘பிளேசிங் சாடில்ஸ்’ என்ற கேலிப்படத்தை எடுத்தார். இருப்புப்பாதை போடும் கறுப்பினத் தொழிலாளரை, அடிமைக் காலத்துப் பாட்டொன்று பாடும்படி வெள்ளைக் கங்காணி ஏவுகிறான். அவர்களோ பட்டணத்து இசையரங்குக்கு உரிய நாகரிகப் பாட்டொன்றை வெகு நயமாக இசைக்கின்றனர். பொறுக்கமாட்டாத கங்காணி, தான் எதிர்பார்த்த பாட்டைத் தானே பாடிக்கொண்டு தன் ஆட்களுடன் குதிக்கத் தொடங்குகிறான். தொழிலாளர் நின்று வேடிக்கை பார்க்கின்றனர். கோமாளிப் பட்டம் எவர் தலையில் ஏறியது என்பதை விளக்க அங்கே வசனம் வேண்டியிருக்கவில்லை.

இதற்கு ஈராண்டு பின், 1976இல், இலங்கையில் ‘கோமாளிகள்’ என்ற தமிழ்ப் படம் வெளிவந்தது. வானொலி நேயர்கள் நன்கறிந்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ தொடர் நாடகமே படமாயிற்று. அந்நாடகத்தில் மரிக்கார் முஸ்லிம்களின் தமிழிலும், அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழிலும், ஐயர் அக்கிரகாரத் தமிழிலும் பேசினர். உபாலி என்ற சிங்களவர் பேசியது தட்டுத் தடுமாறும் தமிழ். ஒருகொடவத்தையில் அரை மணி நேரம் நின்றால், ஐயரின் பேச்சைத் தவிர மற்ற மூன்றும் காதில் விழக்கூடும். ஆனால் மரிக்காராக நடித்தவர் எஸ். ராமதாஸ், ஐயராகப் பேசியவர் பி. எச். அப்துல் ஹமீட், உபாலியாக வந்தவர் எஸ். செல்வசேகரன் என்ற தமிழர்.

இதுவும் ஒருவகைக் கரிமுகந்தானே என்று வினவலாம், வினவத்தான் வேண்டும். அயலான் நாக்குத் தடுமாறுவதைச் சிரிப்புப் பொருளாக்குவதில் ஆபத்து உண்டு. எனினும், அமெரிக்க மேடையில் கரி பூசியவனுக்குத் தன் இனம் நகைப்புக்கு ஆளாகும் என்ற அச்சம் இல்லை. பதிலுக்கு அவனைப் பழித்துக் காட்டும் உரிமை அடிமைக்கு இல்லை. இங்கேயோ ஒவ்வொருவரும் மற்றவரின் வேடத்தில் நின்றனர். கோமாளி என்ற பெயரும் அனைவருக்கும் பொது.

படம் வெளிவந்த மறு ஆண்டே, 1977 ஆகஸ்டில், நாட்டில் இன வன்முறை மூண்டது. ஒரு சிரிப்புப் படம் அதைத் தடுத்திருக்கும் என்று எவரும் சொல்லார். அதன் பின்னும் ராமதாசை மக்கள் ‘மரிக்கார் ராமதாஸ்’ என்றும், செல்வசேகரனை ‘உபாலி செல்வசேகரன்’ என்றுமே அழைத்து வந்தனர்.