500 ரூபாய் இயர்போனும் வெள்ளிமலை பஸ்ஸும்

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் நோட்டுகள்ல ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு இன்னைக்கு பேசப்போறேன். அனுப்பின தம்பிக்கு ஊர் கல்வராயன் மலையில இருக்கிற வெள்ளிமலை. படிக்கிறது கீழே கள்ளக்குறிச்சியில. தினமும் பஸ். அவர் கேட்டது: "அண்ணா, 500 ரூபாய் இயர்போன் வச்சிருக்கேன். பஸ்ல ஃபுல் வால்யூம் வச்சாலும் பேஸ் வரமாட்டேங்குது. காசு சேர்த்து 2,500 ரூபாய்ல ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எது வாங்கலாம்?"

இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க தம்பி. ஏன்னு சொல்றேன்.

முதல்ல விலை. யெரூன் பிரீபார்ட்ங்கிற ஆய்வாளர் 2017ல ஒரு கட்டுரை வெளியிட்டார். 283 ஹெட்போன்களோட அளவீடுகளை எடுத்து, பேஸ், குரல், ட்ரெபிள் எல்லாம் எந்த விகிதத்துல வருதுன்னு அவங்கவங்க விலையோட ஒப்பிட்டுப் பார்த்தார். விலைக்கும் அந்த விகிதத்துக்கும் தொடர்பே கிடைக்கல. விலை கூடினா வயர் நல்லா இருக்கும், மைக் நல்லா இருக்கும், கொஞ்ச நாள் கூட உழைக்கும். சத்தம் நல்லா இருக்கும்னு உத்தரவாதம் கிடையாது.

அப்போ பேஸ் எங்க போச்சு? வெளியில ஒழுகிப் போச்சு.

காதுக்குள்ள போற இயர்போன்ல இருக்கிற டிரைவர், பொதுவா 10 மில்லிமீட்டர் சுற்றளவுல இல்ல, குறுக்களவுல இருக்கிற ஒரு சின்னத் தகடு, அவ்வளவுதான். அது காதுத் துளைக்குள்ள அடைபட்டிருக்கிற கொஞ்சூண்டு காற்றைத்தான் அழுத்தி அழுத்தி பேஸ் கொடுக்குது. குக்கர்ல கேஸ்கெட் சரியா உட்காரலைன்னா அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் விசில் வராதுல்ல? அதே கதை. முனையில இருக்கிற ரப்பருக்கும் காதுக்கும் நடுவுல இடைவெளி இருந்தா, அழுத்தம் வெளியேறிடும். ட்ரெபிள் பெருசா பாதிக்காது. பேஸ் காணாமப் போகும், மிச்சம் இருக்கிறது கீச்சுன்னு கேக்கும்.

டப்பாவுல மூணு சைஸ் ரப்பர் கொடுத்திருப்பாங்க. நம்மள்ல பாதிப் பேர் மாட்டியிருந்த மீடியத்தோடயே காலத்தை ஓட்டிட்டு, மத்த ரெண்டையும் டப்பாவோட குப்பையில போட்டிருப்போம். இப்ப இதைப் பண்ணிப் பாருங்க. நல்லா பேஸ் இருக்கிற பாட்டு ஒண்ணைப் போட்டுட்டு, இயர்போனை விரலால லேசா உள்ள அழுத்துங்க. அழுத்தினதும் பேஸ் குபுக்குன்னு கூடுதா? அப்போ உங்க ரப்பர் அடைக்கல. ஒரு சைஸ் பெருசா மாத்துங்க. ரெண்டு காதுக்கும் ஒரே சைஸ் வேணும்னு சட்டம் இல்ல, நிறைய பேருக்கு வலது இடது துளை வேற வேற. மாட்டும்போது எதிர்ப்பக்கக் கையால காது மடலை மேலயும் பின்னாடியும் இழுத்துக்கோங்க, துளை நேராகும், ரப்பர் ஒழுங்கா உட்காரும். கழட்டும்போது வெடுக்குன்னு இழுக்காம லேசா திருப்பி எடுங்க.

ரப்பர் எதுவுமே ஒத்து வரலைன்னா ஃபோம் முனை தனியா கிடைக்குது. விரலால உருட்டி ஒல்லியாக்கி, உள்ள வச்சு, அரை நிமிஷம் பிடிச்சுக்கணும். மெதுவா விரிஞ்சு காது வடிவத்துக்கு வந்துடும். அழுக்காகும், பிய்ஞ்சு போகும், சில மாசத்துல மாத்தணும். ஆனா பஸ்ல தினமும் போறவருக்கு அந்தக் காசு வீண் இல்ல.

பஸ்ஸுக்கு வருவோம். கள்ளக்குறிச்சியில கிளம்பி கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பிச்சதும் டிரைவர் கியரைக் குறைப்பார், இன்ஜின் உறும ஆரம்பிக்கும். இன்ஜின் சத்தம் பெரும்பாலும் தாழ்ந்த சத்தம். பாட்டுல பேஸ் இருக்கிற அதே இடத்துல அது வந்து உட்கார்ந்துக்கும். உங்க இயர்போன் பேஸ் கொடுத்தாலும் இன்ஜின் அதை மூடிடும். அதனால டிரைவர் பக்கத்துல, இன்ஜின் மேல இருக்கிற சீட்டை விட்டுட்டு நடுவுல உட்காருங்க. தலைக்கு மேல ஸ்பீக்கர்ல இளையராஜா ஓடிக்கிட்டிருக்கிற தனியார் பஸ்ஸா இருந்தா? இயர்போனைப் பையில போட்டுட்டு அதையே கேளுங்க, போட்டி போட முடியாது.

மலை ஏறும்போது இன்னொரு விஷயம் நடக்கும். கல்வராயன் மலை சுமார் 2,000 அடியில இருந்து 3,000 அடி வரைக்கும் உயரம். 100 மீட்டர் ஏறினா காற்றழுத்தம் சுமார் 1 சதவீதம் குறையும். வளைவுல ஏற ஏற காது அடைக்கிறது அதனாலதான். காது அடைச்சா எவ்வளவு நல்ல இயர்போனும் மந்தமாத்தான் கேக்கும். எச்சில் முழுங்குங்க, இயர்போனை ஒருதடவை கழட்டி மாட்டுங்க. அதை விட்டுட்டு எல்லாரும் வால்யூம் பட்டனைத்தான் தேடுறோம்.

அந்தப் பட்டன் பத்திதான் எனக்குக் கவலை. உலக சுகாதார அமைப்பு பெரியவங்களுக்குச் சொல்ற அளவு, 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினா நேரம் பாதியாகும். 90 டெசிபல்னா வாரத்துக்கு 4 மணி நேரம்தான். தினமும் ஒரு மணி நேரம் பஸ்ல சத்தமா கேக்கிறவர் வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தக் கணக்கைத் தாண்டிடுவார். இப்படிப் போன கேள்தன்மை திரும்ப வராது, 2,500 ரூபாய் இயர்போனாலயும் வராது.

வெள்ளிமலைக்காரருக்கு நம்ம சிட்டிக்காரங்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கு: அமைதியான ராத்திரி. பஸ்ல வச்சிருந்த வால்யூமை அப்படியே விட்டுட்டு, வீட்டுக்குப் போய், அதே பாட்டைப் போட்டுப் பாருங்க. அலறும். அப்புறம் அங்க எது சுகமா இருக்கோ அந்த அளவைப் பார்த்து வச்சுக்கோங்க. பஸ்ல அதுக்கு மேல ரெண்டு படி போகலாம். அதுக்கும் மேல வேணும்னு தோணுச்சுன்னா ரப்பரை ஒருதடவை சரி பண்ணுங்க. நம்மள மாதிரி சென்னைக்காரங்க இந்தச் சோதனையை ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபேனை நிறுத்திட்டுதான் பண்ணணும்.

மலையில சிக்னல் விட்டு விட்டு வரும். ஸ்ட்ரீமிங் ஆப்கள்ல தரம் 'ஆட்டோமேட்டிக்'ல இருந்தா, நெட் குறையக் குறைய பாட்டோட தரமும் இறங்கும். ஸ்பாட்டிஃபைல கீழ்ப்படி சுமார் 24 கேபிபிஎஸ், 'வெரி ஹை' சுமார் 320. கீழ்ப்படியில தாளச் சத்தமெல்லாம் தண்ணிக்குள்ள இருந்து கேக்கிற மாதிரி இருக்கும், பழியை இயர்போன் வாங்கிக்கும். சந்தா இருந்தா கீழேயே டவுன்லோட் பண்ணிட்டு ஏறுங்க. டவுன்லோட் தரத்துக்கு செட்டிங்ஸ்ல தனி இடம் இருக்கு, அதையும் மாத்துங்க.

ஈக்வலைசர் கடைசியா. விலை குறைஞ்ச நிறைய இயர்போன்ல பேஸ் குறைவுங்கிறது பிரச்சனையே இல்ல, அடைச்சு மாட்டினதும் அது அதிகமாத் தெரியும், குரல் மேல வழியும். 250 ஹெர்ட்ஸ் பக்கத்துல 3 டெசிபல் குறைங்க, பாடுறவர் முன்னாடி வருவார். 'ஸ', 'ஷ' எல்லாம் ஊசி மாதிரி குத்துதா? 6,000ல இருந்து 8,000 ஹெர்ட்ஸ்ல கொஞ்சம் குறைங்க. கூட்டுறதை விட குறைக்கிறதுதான் நல்லது, கூட்டினா சத்தம் உடையும். ஆண்ட்ராய்டுல வேவ்லெட்னு ஒரு ஆப், ஆயிரக்கணக்கான மாடலுக்கு இதைத் தயாரா வச்சிருக்கு. உங்க மாடல் இல்லைன்னா கையால பண்ணுங்க. சோதிக்க 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்துல எஸ்பிபி பாடின கிட்டார் பாட்டைப் போடுங்க. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா கேட்டா சரி.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் கம்மியா இருக்குன்னு தூக்கிப் போடுறவங்க நிறைய. வலதை இடது காதுல, இடதை வலதுல மாட்டிப் பாருங்க. குறை இயர்போனோட சேர்ந்து இடம் மாறினா, வலையில காதழுக்கு அடைச்சிருக்கலாம். ரப்பரைக் கழட்டி, வலை கீழ பார்க்கிற மாதிரி பிடிச்சு, காய்ஞ்ச டூத்பிரஷ்ல தேய்ங்க. ஊசியால குத்தாதீங்க. இயர்போன் மாறியும் குறை அதே காதுலயே இருந்தா, கடைக்குப் போகாம காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போங்க.

டைப்-சி டாங்கிள் பத்தியும் நிறைய பேர் கேட்டிருக்கீங்க. அது அடுத்த எபிசோட்ல.