கணிதத்தைத் தொழிலாகக் கொள்வோர் தேரவேண்டிய பாடங்கள்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



உயர்தர வகுப்பிற் கணிதப் பிரிவை எடுத்தவன் எஞ்சினியராகவேண்டும். ஆகாவிடின் தோற்றான் என்பது எங்கள் இல்லங்களில் வேரூன்றிய எண்ணம். கணிதத்தைக் கணிதமாகவே கற்று அதனால் வாழலாம் என்பதை எங்களுக்கு எடுத்துரைத்தோர் மிகச் சிலர். பல்கலைக்கழகத்திற் பயிலும் நாங்கள் அதனை எங்களுக்குப் பின் வருவோர்க்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

பாடசாலைக் கணிதம் வேறு, பல்கலைக்கழகக் கணிதம் வேறு. இணைந்த கணிதத்தில் ஓர் எல்லைப் பெறுமானத்தைச் சூத்திரத்தாற் கண்டுவிடுகிறோம். பல்கலைக்கழகத்திலோ, 'எல்லை' என்பது யாது என வரையறுத்து, அதிலிருந்து விடையை நிறுவவேண்டும். ஆகையால், புள்ளி இலகுவிற் கிடைக்கும் பாடங்களை நாடாது, மெய்ப் பகுப்பாய்வையும் நேரியல் அட்சரகணிதத்தையும் முதலில் ஊன்றிக் கற்றல் வேண்டும். எவ்வழி செல்வோர்க்கும் இவ்விரண்டுமே அத்திவாரம்.

அதன்பின் வழிகள் பிரிகின்றன. குறிகட்டுவான் துறையில் நிற்பவர் நயினாதீவுப் படகா, நெடுந்தீவுப் படகா என்று கேட்டறிந்தன்றோ ஏறுவர்? ஆராய்ச்சியை நாடுவோர் தூய கணிதத்தில் ஆழ்ந்து, நான்காண்டுச் சிறப்புப் பட்டத்தைக் குறிக்கோளாகக் கொள்க. காப்புறுதி, வங்கித் துறைகளை விரும்புவோர்க்கு நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும் வேண்டும். கணினித் துறைக்கு எண்சார் பகுப்பாய்வும் நிரலாக்கமும் வேண்டும். ஆசிரியராக வருவோர் கேத்திரகணிதத்தையும் கைவிடலாகாது.

துணைப்பாடத்தையும் சிந்தித்தே தேர்க. ஹாட்லிக் கல்லூரியிற் கற்ற பேராசிரியர் எலியேசர், கேம்பிரிட்ஜில் டிராக் என்னும் பேரறிஞரின் வழியில் ஆராய்ந்து, 1949 இல் இலங்கைப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியரானார். அவர் புகழ் பெற்றது கணிதமும் பௌதிகவியலும் கூடுமிடத்திலேயே.

ஆங்கிலத்தை அலட்சியஞ் செய்யற்க. தமிழிற் கற்று வரும் நாங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் ஆங்கிலத்திலேயே விரிவுரை கேட்கிறோம். மேதை இராமானுஜன், 1904 இல் கும்பகோணம் கல்லூரியிற் சேர்ந்து, கணிதத்தில் மூழ்கி ஆங்கிலம் முதலிய ஏனைய பாடங்களைக் கைவிட்டதனால் உபகாரச் சம்பளத்தை இழந்தார். 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞரானார். 1913 இல் ஹார்டிக்கு வரைந்த கடிதமே அவருக்கு வழி திறந்தது. எங்களுள் எத்தனை பேருக்கு ஒரு ஹார்டி கிடைப்பார்?

இஃது எங்கள் தனி நலம் பற்றிய பேச்சு மாத்திரமன்று. உயர்தரக் கணித வகுப்பில்லாத தீவிலே பிறந்த பிள்ளை, பட்டினத்தில் அறை எடுத்துத் தங்கிக் கற்கவேண்டும். அதற்கு வசதியற்ற பிள்ளை, கணக்கிற் கெட்டிக்காரனாயினும் வேறு பிரிவுக்கே போகிறான். அவ்வகையில் எத்தனை கணித அறிஞரை நாம் இழந்தோமோ! தீவகத்திலிருந்து கணிதம் கற்கச் செல்வோர் யாவரும் திரும்பி வரவேண்டுமென நாங்கள் கட்டளையிடவில்லை. சிலராவது பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்றுத் திரும்புவராயின், அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் தத்தம் ஊரிலிருந்தே கணிதப் பிரிவிற் சேரலாம். பாடத் தெரிவுப் படிவத்தை நிரப்பும் வேளையில் இதனையும் நினைவிற் கொள்ளுமாறு வேண்டி அமைகின்றோம்.